அம்மாவுக்கு ராத்திரி படபடப்பு, பிராணிக் ஹீலிங் போறாங்க, மாத்திரைய விடச் சொல்றாங்க – என்ன பண்ணலாம்?

திருச்சி_தென்றல்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் இழை போடுறேன், தப்பான பிரிவுல போட்டிருந்தா மட்டுறுத்துனர் மாத்தி விட்ருங்க.

அம்மாவுக்கு 54 வயசு. போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் ஆச்சு. அப்பா இப்ப ஜம்முனு இருக்காரு, அம்மாதான் சரியில்ல. ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குறாங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரல் எல்லாம் மரத்துப் போகுது, அப்பா மூக்குகிட்ட கைய வெச்சு மூச்சு வருதான்னு பாக்குறாங்க. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். அப்புறம் மனநல டாக்டர்கிட்ட போனோம், எஸ்சிட்டலோபிராமும் குளோனாசிபாமும் சேந்த மாத்திரை குடுத்தாரு, ரெண்டு மாசத்துல நல்லாவே குறைஞ்சுது.

இதுக்கு நடுவுல தெருவுல ஒரு ஆன்ட்டி பிராணிக் ஹீலிங்னு ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் ஒருவாட்டி கூட போய் பாத்தேன். சேர்ல உக்கார வெச்சு, உள்ளங்கைய மேல பாத்து மடியில வைக்கச் சொல்றாங்க, அந்தம்மா ரெண்டடி தள்ளி நின்னு தலையில இருந்து கால் வரைக்கும் காத்துலயே கையால வழிச்சு வழிச்சு பக்கத்துல பிளாஸ்டிக் பேசின்ல இருக்குற கல்லுப்புத் தண்ணியில உதறுறாங்க. தொடவே இல்ல. முடிச்சிட்டு 24 மணி நேரம் குளிக்கக் கூடாதுன்னாங்க, எங்கம்மாவுக்கு அதுதான் பெரிய கஷ்டமாப் போச்சு, மறுநாள் வெள்ளிக்கிழம வேற. ஆனா சொல்லணும்ல, அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்குனாங்க.

பிரச்சனை இனிமேதான். பத்து சிட்டிங் பேக்கேஜ் போட்டுட்டாங்க. மாத்திரை எனர்ஜிய பிளாக் பண்ணுது, விட்ருங்கன்னு சொல்லியிருக்காங்க. அம்மா எங்ககிட்ட சொல்லாம ஒரேடியா நிறுத்திட்டாங்க. இப்ப தல சுத்துது, தலைக்குள்ள சுர்ருனு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்காம், கெட்ட கெட்ட கனவா வருதாம். அங்க கேட்டா "உள்ள இருக்குற கழிவு வெளியேறுது, நல்லதுதான்"ங்கறாங்க. எனக்கு பயமா இருக்கு. இதெல்லாம் உண்மைலயே வேல செய்யுமா? யாருக்காவது அனுபவம் இருக்கா?

வார்டு_சிஸ்டர்:
தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல மருந்து எழுதுன டாக்டருக்கு இன்னிக்கே போன் போடுங்க. நான் மனநலப் பிரிவுல நர்ஸ். நீங்க சொல்ற தல சுத்தல், கரண்ட் அடிக்கிற மாதிரி, கெட்ட கனவு, இது மூணும் எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைய திடீர்னு விட்டா வர்றதுன்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு. எந்தக் கழிவும் வெளியேறல. மருந்துக்குப் பழகுன நரம்பு மண்டலம் மருந்து இல்லாம தடுமாறுது, அவ்ளோதான்.

இத விட பெருசு அந்த குளோனாசிபாம். தெனமும் எடுத்துட்டு இருந்தவங்க பட்டுனு நிறுத்துனா தூக்கம் சுத்தமா போகும், பழைய பயம் ரெண்டு மடங்கா திரும்பும், சில பேருக்கு வலிப்பே வந்திருக்கு. அத டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்களா பழைய டோஸ ஆரம்பிக்கவும் வேணாம், அவர்கிட்ட கேட்டுட்டு குடுங்க. டாக்டர் கிடைக்கலன்னா ஜிஹெச்ல மனநலப் பிரிவு ஓபி இருக்கு, இல்லன்னா 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. வலிப்பு மாதிரி எதாவது வந்தா யோசிக்காம 108.

டீக்கடை_பெஞ்சு:
எனக்கு ஒரே ஒரு டவுட்டு, அந்த உப்புத் தண்ணிய கடைசில எங்க ஊத்துறாங்க? எங்க ஊர்ல திருஷ்டி கழிச்ச பூசணிக்காய முச்சந்தியில ஒடைப்பான், பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான். இங்க எவன் கால் வெப்பானோ 😄

சிஸ்டர் சொன்னத செய்ங்க சகோ, மொக்க போடுறேன்னு நெனைக்காதீங்க.

கொதிகலன்:
டீக்கடை, பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணிருவாங்க, நான் போய் பாத்திருக்கேன் (மனைவி கட்டாயத்துல).

சகோ, "உண்மைலயே வேல செய்யுமா"ன்னு கேட்டீங்கள்ல, அதுக்கு வர்றேன். கையால உடம்பச் சுத்தி இருக்குற எனர்ஜிய உணர முடியும்ங்கறதுதான் இதுக்கெல்லாம் அஸ்திவாரம். அத ஒரு சின்னப் பொண்ணு சோதிச்சுப் பாத்துட்டா. அமெரிக்காவுல எமிலி ரோசான்னு ஒம்போது வயசுப் பொண்ணு, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக, தெரபியூட்டிக் டச்னு இதே மாதிரி தொடாம பண்ற சிகிச்சை செய்றவங்க 21 பேர உக்கார வெச்சா. நடுவுல அட்டைத் தடுப்பு, அதுல ரெண்டு ஓட்டை, அவங்க ரெண்டு கையையும் ஓட்டை வழியா நீட்டணும், இவ காசு சுண்டிப் போட்டு எந்தக் கைன்னு முடிவு பண்ணி அந்தக் கைக்கு மேல தன் கைய காட்டுவா, எந்தக் கைன்னு அவங்க சொல்லணும். 280 தடவைல 123 தான் சரி. 44 சதவீதம். கண்ண மூடிக்கிட்டு அடிச்சு விட்டிருந்தாக்கூட 140 பக்கத்துல வந்திருக்கும். 1998ல ஜாமாங்கற பெரிய மருத்துவ இதழ்லயே வந்துச்சு, அப்ப அவளுக்கு 11 வயசு.

இது புதுசும் இல்ல. 1784லயே பாரிஸ்ல மெஸ்மர்னு ஒருத்தர் "உயிர் காந்தம்"னு சொல்லி ஊரையே மயக்கி வெச்சிருந்தாரு, ராஜா ஒரு கமிட்டி போட்டாரு, பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியர் எல்லாம் அதுல உண்டு. ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்துல ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏத்திட்டு ஒரு பையன கண்ணக் கட்டி ஒவ்வொரு மரமா கூட்டிட்டுப் போனாங்க, அவன் நாலாவது மரத்துல மயங்கியே விழுந்துட்டான். காந்தம் ஏத்துன மரம் அது இல்ல, அதுல இருந்து ரொம்ப தள்ளி இருந்தான். மயக்கம் நிஜம், காந்தம்தான் பொய்.

ரெய்கி_ராஜி:
நான் மதுரைல பல வருஷமா ரெய்கி (கை வெச்சு எனர்ஜி குடுக்குறதா சொல்ற ஹீலிங்) பண்றேன், அதனால என்னையும் சேத்து திட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்த பேசிடுறேன். தென்றல், மாத்திரைய விடச் சொன்னது மகா தப்பு. ஒழுங்கா கத்துக்கிட்ட எந்த ஹீலரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, நான் மொத நாளே டாக்டரோட மருந்துச் சீட்டு இருந்தா கொண்டு வாங்கன்னு கேட்டு வாங்கி வெச்சிக்குவேன். பிராணிக் ஹீலிங் முறையிலயும் மருந்துக்குத் துணையாத்தான் இதப் பண்ணணும், மருந்துக்குப் பதிலா இல்லன்னுதான் சொல்லிக் குடுப்பாங்க.

கொதிகலன் சார், உங்க கணக்கெல்லாம் சரியாவே இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லுங்க, அந்தம்மாவ டாக்டர் எவ்ளோ நேரம் பாத்திருப்பாரு? அஞ்சு நிமிஷம்? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு நாப்பது அம்பது வயசு வீட்டம்மாங்க. புருஷன், புள்ள, மாமியார்னு எல்லாரையும் பாத்தவங்க. தலைல கை வெச்ச உடனே பொல பொலன்னு அழுவாங்க. அவங்க தலைல கடைசியா யாரு கை வெச்சாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. ஒரு மணி நேரம் ஃபோன் இல்லாம, யாரும் கூப்புடாம, ஒருத்தர் நமக்காக மட்டும் பக்கத்துல இருக்காங்கன்னா அதுவே அவங்களுக்குப் புதுசு சார்.

கொதிகலன்:
அது நூத்துக்கு நூறு உண்மைங்க ராஜி மேடம், அத நான் மறுக்கவே இல்ல. என் சண்டை ஹீலருங்க "ஏழாவது சக்கரத்துல அடைப்பு"ன்னு சொல்ற எடத்துலதான், சக்கரம்னா உடம்புல இருக்குறதா அவங்க சொல்ற எனர்ஜி மையம். படுக்க வெச்சு, அமைதியா கை வெச்சு, அக்கறையா பேசுனா மனசு லேசாகும், அதுக்கு சக்கரம் எதுக்கு? அதுலயும் பிராணிக்ல மொத்தம் 11 சக்கரம், யோக நூல்கள்ல பொதுவா சொல்றது மூலாதாரத்துல இருந்து ஆறு, மேல சகஸ்ராரம். மிச்சம் எங்கேந்து வந்துச்சு? ஆரம்பிச்ச சோவா கோக் சுய், பிலிப்பைன்ஸ்காரர், கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவர். ரெய்கி 1922ல ஜப்பான்ல உசுய்ங்கறவர் குராமா மலைல ஆரம்பிச்சது. நம்ம ஆளுங்க ரெண்டையும் வேதகாலம்னு சொல்லி விக்கிறாங்க, அத கேட்டா எனக்குத்தான் ஆங்ஸைட்டி வருது.

2015ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகள சேத்து வெச்சு அலசுற அமைப்பு, அந்த ஆளுங்க ரெய்கி பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவுதான்னு ஆய்வுகள அலசுனாங்க. தேறுனது மூணே ஆய்வு, மொத்தம் 124 பேரு. உதவுதுன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாதுன்னு முடிச்சிட்டாங்க.

ரெய்கி_ராஜி:
உசுய் பத்தி வேதகாலம்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல சார், அதுக்கு வேற ஆள புடிங்க 🙂

ஓஎம்ஆர்_பறவை:
ஹாய் அக்கா. நான் டேப்பிங் பண்ணுவேன், ஈஎஃப்டி. ஒட்டு மொத்தமா எல்லாத்தையும் டுபாக்கூர்னு சொல்றது கடுப்பா இருக்கு. எனக்கு கிளையண்ட் கால்னாலே தொண்ட அடைச்சுக்கும், மியூட்ல இருந்து எடுக்கவே கை நடுங்கும். யூட்யூப் பாத்துதான் கத்துக்கிட்டேன், பயம் பத்துக்கு எவ்ளோன்னு மார்க் போட்டுக்கணும், உள்ளங்கை ஓரத்துல தட்டிக்கிட்டே "எனக்கு இந்த பயம் இருந்தாலும் நான் என்னை முழுசா ஏத்துக்குறேன்"னு சொல்லணும், அப்புறம் புருவம், கண்ணு ஓரம், கண்ணுக்குக் கீழ, மூக்குக்குக் கீழ, தாடை, காரை எலும்பு, அக்குள் கீழ, உச்சந்தலைன்னு வரிசையா விரலால தட்டிட்டே வரணும், மறுபடி மார்க் போடணும். எட்டுல இருந்து நாலுக்கு வந்துரும். 2012ல 83 பேர வெச்சு பண்ண ஆய்வுல கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் 24 சதவீதம் குறைஞ்சுதுன்னு இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?

கொதிகலன்:
நல்ல கேள்வி தங்கச்சி. அந்த ஆய்வ தலைமை தாங்கி பண்ணவரே ஈஎஃப்டி ட்ரெய்னிங் நடத்துறவர்ங்கறது ஒண்ணு. அத விடுங்க. 2003ல கனடால வெயிட், ஹோல்டர்னு ரெண்டு பேரு 119 காலேஜ் பசங்கள நாலு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்பு முறைப்படி அந்தப் புள்ளிகள்ல தட்டுச்சு. ஒரு குரூப்பு சம்பந்தமே இல்லாம கையில வேற எடத்துல தட்டுச்சு. இன்னொண்ணு ஒரு பொம்மை மேல தட்டுச்சு, ஆமா, பொம்மை மேல. நாலாவது குரூப்பு காகிதத்துல பொம்மை செஞ்சுட்டு உக்காந்திருந்துச்சு. தட்டுன மூணு குரூப்புக்கும் பயம் குறைஞ்சுது. பொம்மைய தட்டுனவங்களுக்கும் அதே அளவு. நாலாவது குரூப்புக்கு மட்டும் இல்ல.

அப்போ வேல செஞ்சது மெரிடியன் (அந்தப் புள்ளிகள் வழியா எனர்ஜி ஓடுறதா சொல்ற பாதை) இல்ல, பயத்த வாய் விட்டுச் சொல்லிட்டு கூடவே கைக்கு ஒரு வேல குடுத்தது. நீங்க தட்டுங்க, நான் வேணாம்னு சொல்லல, காசு மட்டும் குடுக்காதீங்க.

ஓஎம்ஆர்_பறவை:
சரி போங்க, அப்ப ஆபீஸ்ல டெஸ்க் மேல இருக்குற பிள்ளையார் பொம்மைய தட்டுறேன், டீம் லீட் பாத்தா பக்தின்னு நெனச்சுக்குவாரு 😂

ஆனா சீரியஸா, எப்டி வேல செய்யுதுன்றது எனக்கு முக்கியமில்ல, செய்யுது.

வார்டு_சிஸ்டர்:
பறவை, உனக்கு அது போதும்மா. ஆனா தென்றலோட அம்மாவுக்கு எப்டி வேல செய்யுதுங்கறது முக்கியம். காரணம் தப்பா புரிஞ்சா அறிகுறியையும் தப்பா படிப்போம், இப்ப நடந்திருக்கறதே அதுதான். மருந்து விட்டதால வந்த தலைசுத்தல கழிவுன்னு படிச்சிட்டாங்க.

இன்னொண்ணும் சொல்றேன். அம்மாவுக்கு விரல் மரத்துப் போகுதுன்னு போட்டிருந்தீங்க. பயத்துல நமக்கே தெரியாம வேக வேகமா மூச்சு விடுவோம், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சிரும், விரலும் உதடும் ஊசி குத்துற மாதிரி ஆகும். இதே விறுவிறுப்பு ஹீலிங் சிட்டிங்ல வந்தா "எனர்ஜி பாயுது"ன்னு சந்தோஷப்படுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ஹார்ட் அட்டாக்னு அலறுவாங்க. உடம்புல நடக்குறது ஒண்ணுதான். அந்த நேரத்துல உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா விடச் சொல்லுங்க. மூச்ச ஆழமா இழு இழுன்னு பக்கத்துல நின்னு கத்தாதீங்க, அது இன்னும் கெடுக்கும். அலை பொதுவா பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் தானா இறங்கிரும். அந்தப் பத்து நிமிஷத்துல நீங்க என்ன பண்ணாலும் அதாலதான் சரியாச்சுன்னு தோணும், தட்டுனாலும் சரி, விபூதி பூசுனாலும் சரி.

நாஞ்சில்_காத்து:
எங்க பக்கம் பிள்ள பயந்து போச்சுன்னா பாட்டிமாரு வேப்பிலைய தலையில இருந்து கால் வர வழிச்சு வாசல்ல ஒதறுவாவ. அந்தம்மா காத்துல வழிச்சு பேசின்ல ஒதறுனத படிச்சப்ப எங்க பாட்டி ஞாபகந்தான் வந்துது. பாட்டி காசு வாங்க மாட்டா, வெத்தல பாக்கு மட்டும். இதுக்கு இங்கிலீஷ் பேரு வெச்சு ஏசி ரூம்ல பண்ணுனா பேக்கேஜாம். பள்ளிவாசல்ல சாயங்காலம் தொழுக முடிஞ்சு வெளிய வர்றவங்ககிட்ட பிள்ளைய காட்டி ஓதி ஊதச் சொல்றதுக்கு எல்லா சாதிக்காரவளும் நிப்பாவ, அங்கயும் காசு கெடையாது.

கொதிகலன்:
நாஞ்சில், இதுல ஒரு வேடிக்க தெரியுமா. இப்ப உலகம் பூரா ஆரா, சக்கரம்னு பேசுறதுக்கு பெரிய காரணமே நம்ம சென்னை அடையாறுதான். 1882ல தியாசபிகல் சொசைட்டிங்கற ஆன்மிக அமைப்போட தலைமையகம் அங்க வந்துச்சு, அதுல இருந்த லெட்பீட்டர் 1927ல சக்கரங்கள கலர் படம் போட்டு புத்தகமாவே கொண்டு வந்தாரு. நான் மேல சொன்ன தெரபியூட்டிக் டச்ச ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல டோரா குன்ஸ்ங்கறவங்க அமெரிக்க தியாசபிக்கே தலைவியா இருந்தவங்க. இங்க இருந்து போய் ஊரச் சுத்திட்டு ஃபாரின் சரக்கா திரும்பி வருது.

வார்டு_சிஸ்டர்:
நம்பிக்கையையும் மருந்தையும் சண்ட போட வைக்க வேணாம்னுதான் நான் சொல்லுவேன். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடில மனநோயாளிகள வெச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேரு செத்தாங்க, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. இப்ப அதே ஏர்வாடி தர்காகிட்டயே மனநல டாக்டர் பாக்குற ஏற்பாடு இருக்கு, மருந்தும் துஆவும் (வேண்டுதலும்) ஒண்ணா. வர்றவங்கள யாரும் சாமி கும்புடாதன்னு சொல்றதில்ல.

மன்றத்து_மாணவன்:
தென்றல் அம்மா, வணக்கம், வாழ்க வளமுடன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலை மன்றத்துக்கு (தியானமும் பயிற்சியும் சொல்லிக் குடுக்குற எடம்) ரொம்ப காலமா போயிட்டு வர்றேன். அங்க சொல்ற ஜீவகாந்தம்ங்கற உயிர் சக்தி பத்தி எழுதுனா கொதிகலன் தம்பி சண்டைக்கு வருவாரு, அத விட்ருவோம். எனக்குப் பயன்பட்டது தவத்த (தியானத்த) விட அகத்தாய்வுதான், அதாவது நம்மள நாமே அலசிப் பாக்குறது. வேதாத்திரி மகரிஷி கவலை ஒழித்தல்னு ஒரு பயிற்சி குடுத்திருக்காரு. ஒரு நோட்ட எடுத்து இருக்குற கவலையெல்லாம் எழுதணும். ஒண்ணொண்ணையும் நாலு வகைல எதுன்னு பிரிக்கணும்: அனுபவிச்சே தீர்க்க வேண்டியது, தள்ளிப் போட வேண்டியது, அலட்சியம் பண்ணிவிட வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. எழுதிப் பாத்தா உடனே தீர்க்க வேண்டிய கட்டத்துல ரொம்பக் கொஞ்சந்தான் நிக்கும். உங்க அம்மாவுக்கு அப்பாவோட நெஞ்சு எந்தக் கட்டத்துல வருதுன்னு அவங்களே எழுதட்டும், நீங்க சொல்லிக் குடுக்காதீங்க.

கொதிகலன்:
ஐயா, சண்டைக்கெல்லாம் வரல. சிபிடிங்கற பேச்சு சிகிச்சை பண்றவங்க ஏறக்குறைய இதேதான் செய்ய வைக்கிறாங்க, அதுக்கு பெரிய நகரத்துல ஒரு சிட்டிங்குக்கு ஆயிரக்கணக்குல கேக்குறான். நோட்டு இருபது ரூபா.

மட்டுறுத்துனர்:
நடுவுல ஒரு புது ஐடி வந்து "21 நாள்ல பயம் போகும், கேரண்டி, வாட்ஸப் பண்ணுங்க"ன்னு நம்பரோட போட்டிருந்தது, தூக்கிட்டேன். நோயக் குணமாக்குற மந்திர தந்திரம்னு விளம்பரம் பண்றதுக்கு எதிரா 1954லயே சட்டம் இருக்கு, தளத்துக்கு வம்பு வேணாம். பேச்சு தொடரட்டும்.

திருச்சி_தென்றல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. சிஸ்டர் சொன்ன அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு, குளோனாசிபாம மட்டும் எப்டி படிப்படியா குறைக்கணும்னு தேதி போட்டு எழுதிக் குடுத்திருக்காரு. தலைக்குள்ள சுர்ருங்கறது நின்னுருச்சு. அம்மா அங்க வெச்சு ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, "ஏன் சார், இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் விட்ருப்பேனா?"ன்னு. டாக்டருக்கு பதில் இல்ல. ராஜி அக்கா சொன்ன அஞ்சு நிமிஷம் இதுதான் போல.

ஐயா, நோட்டு விஷயம் அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. எழுதுறாங்க, யாருக்கும் காட்ட மாட்டேங்குறாங்க. அப்பா மூச்ச பாக்குறது இன்னும் நிக்கல, டாக்டர் அதுக்கு பாக்கணும்னு தோணுனா கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டுப் பழகுங்கன்னு சொல்லியிருக்காரு, போக போக அந்த நேரத்த கூட்டணுமாம்.

ஹீலிங் போக வேணாம்னு நாங்க சொல்லல. அம்மாவே இனிமே அங்க வேணாம், யாராவது கை வெக்கிறதா இருந்தா தொட்டே வெக்கட்டும், காத்துல வழிச்சதெல்லாம் போதும்னுட்டாங்க 😄 கடைசியா ஒண்ணு, பத்து சிட்டிங்குக்கு முன்னாடியே கட்டியாச்சு, பாதி கூட முடியல. மீதிய திருப்பிக் கேக்கலாமா? தெருவுல ஆன்ட்டி மூஞ்சில முழிக்கணுமேன்னு யோசனையா இருக்கு.

ரெய்கி_ராஜி:
தாராளமா கேளுங்க. எடுக்காத சிட்டிங்குக்கு காசு வெச்சிக்கறது நியாயமே இல்ல. ஆன்ட்டிய நடுவுல இழுக்காம அம்மாவே நேரா போன் பண்ணட்டும், டாக்டர் இப்ப வேணாம்னுட்டாருன்னு மட்டும் சொன்னா போதும். மாத்திரைய விடச் சொன்னதால என்ன ஆச்சுங்கறதையும் கோவப்படாம சொல்லச் சொல்லுங்க, அந்தம்மா அடுத்த ஆளுகிட்ட அதச் சொல்லக் கூடாதுல்ல. நீங்க எப்பவாச்சும் மதுரைப் பக்கம் வந்தா அம்மாவ கூட்டிட்டு வாங்க, காசெல்லாம் வேணாம்.

டீக்கடை_பெஞ்சு:
மீதி காசு தரலன்னா அந்த பேசினையாவது வாங்கிட்டு வந்துருங்க சகோ, துணி ஊற வைக்க ஆகும்.